கூட்ஸ் வண்டி நீளத்துக்கு ஒரு பாட்டு

மேடையில் நின்று என் மகன் கத்திய முதல் வார்த்தை என்னுடையது.

நாவலூர் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியின் மைதானம். ஆண்டு விழா. சாயங்கால வெளிச்சம் இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. மிதிபட்ட புல்லின் வாடையும், யாரோ எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்த பஜ்ஜியின் வாடையும் கலந்து வந்தன. பிள்ளைகள் மேடையை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் என் கணவர் மாணிக்கம். அவருடைய மாத்திரை டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பதைப் போல.

டிரம்ஸுக்குப் பின்னால் ஜாவித் குச்சிகளைத் தலைக்கு மேலே தூக்கி நாலு தட்டு தட்டினான். என் மகன் பிரபு மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டான்.

"நிறுத்துங்கடா!"

அதன் பிறகு வந்ததைச் சத்தம் என்று சொன்னால் போதாது. நாற்காலியின் கால்கள் வழியாக முதுகுத்தண்டில் ஏறியது. கூட்டம் அப்படியே மேலே எழும்பிக் கீழே இறங்கியது. இரண்டாவது முறை அவன் கத்தியபோது மைதானம் முழுக்கச் சேர்ந்து கத்தியது. "நிறுத்துங்கடா!" அது ஏதோ போராட்டப் பாட்டு என்று நினைத்திருப்பார்கள். சந்தோஷமாகக் குதித்தார்கள்.

அது எங்கள் வீட்டு மாடிப்படியில் நின்று நான் கத்திய வார்த்தை. எந்த நாளில், எந்த நேரத்தில் என்பதும் எனக்குத் தெரியும்.

அதைச் சொல்வதற்கு வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

கேட் போட்டாச்சு

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பீர்க்கன்கரணை வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "ரயில் பாதைக்குப் பக்கத்தில் யாராவது தெரிந்தே வீடு வாங்குவார்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ரயில்வேக்காரர்கள் வாங்குவார்கள். என் கணவர் கூட்ஸ் வண்டியில், கடைசிப் பெட்டியில் கொடியும் விசிலுமாகப் போகும் கார்டாக இருந்தார். வண்டிச் சத்தம் இல்லாத இடத்தில் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. என் தங்கையின் கல்யாணத்துக்காக நாங்கள் ஒரு கிராமத்தில் தங்கியபோது இரவெல்லாம் புரண்டுவிட்டு, "இங்கே ஏதோ சரியில்லை" என்றார். சரியாகத்தான் இருந்தது. அமைதியாக இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு அந்தச் சத்தம் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. பிறகு அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதால், ரயில் எனக்கு மறந்தே போயிற்று.

பிரபு கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டாரோடு வந்து நின்றான். பின்னாலேயே இரண்டு பேர். பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்பவரின் மகன் ஜாவித். ஒல்லியாக, உட்கார்ந்த இடத்திலெல்லாம் விரலால் தட்டிக்கொண்டே இருப்பவன். கிழக்குத் தாம்பரத்துப் பையன் கெவின். அவன் கையில் நாலு கம்பி வைத்த பேஸ் கிட்டார்.

"என்ன பாட்டுடா பாடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பங்க், ஆன்ட்டி. கத்திப் பாடுற ராக்" என்றான் கெவின்.

"பெட்ரோல் பங்க்கா?" என்றார் என் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே.

அன்று மாடி அறையில் அவர்கள் வாசித்த முதல் பாட்டுக்கே அடுத்த வீட்டுக் கமலா அக்கா கேட்டுக்கு வந்துவிட்டார். "இன்னா டீச்சரம்மா, உன் புள்ள பாடறானா, இல்ல யாரையாவது போட்டு அடிக்கிறானா? எங்க வூட்டு ஷெல்ஃபுல டம்ளரெல்லாம் ஆடிக்கினு கீது."

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெருவில் எல்லாருக்கும் நான் டீச்சரம்மாதான். டீச்சர் வீட்டிலிருந்தே இப்படிச் சத்தம் வந்தால் எப்படி என்ற மானப் பிரச்சினை வேறு. அன்று ராத்திரிச் சாப்பாட்டில், இதற்கு ஒரு தீர்ப்பு சொல்லும்படி கணவரிடம் கேட்டேன்.

அவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "வண்டி போறப்ப வாசிக்கட்டும். வண்டிச் சத்தத்துக்கு யாரும் புகார் சொல்றதில்லையே."

விளையாட்டாகத்தான் சொன்னார். பையன்கள் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்படித்தான் அந்த இசைக்குழு வளர்ந்தது. சனி, ஞாயிறுகளில் மூன்று பேரும் கருவிகளை மாட்டிக்கொண்டு மூச்சுக் காட்டாமல் காத்திருப்பார்கள். கெவின் ஜன்னலோரம். பெருங்களத்தூர் ரயில்வே கேட்டை இறக்கும் மணிச் சத்தம் கேட்டதும், "கேட் போட்டாச்சு!" என்று குரல் கொடுப்பான். வண்டி ஜன்னலைத் தொட்டதும் தொடங்க வேண்டும். கடைசிப் பெட்டி போவதற்குள் முடிக்க வேண்டும். அதனால் அவர்கள் பாட்டெல்லாம் ரயில் நீளத்தில் இருந்தன. எலக்ட்ரிக் டிரெயின் வந்தால் தொடக்கத்தை மட்டும் பழகுவார்கள். எக்ஸ்பிரஸ் வந்தால் ஒரு குட்டிப் பாட்டு. கூட்ஸ் வந்தால் திருவிழாதான்.

மெதுவாக வாசிக்க அவர்களுக்கு நேரமே இருந்ததில்லை. வேகம் அவர்களுக்கு அங்கிருந்துதான் வந்தது. குழுவுக்கும் "கேட் போட்டாச்சு" என்றே பெயர் வைத்தார்கள். மற்றக் கல்லூரிகளில் இவர்களைப் போல யாராலும் வேகமாக வாசிக்க முடியவில்லையாம். "எங்களைத் துரத்திக்கிட்டு ஒரு எக்ஸ்பிரஸ் வருதுல்ல ஆன்ட்டி" என்பான் ஜாவித்.

ஆனால் வால் என்று ஒன்று உண்டு. வண்டி போன பிறகும் பாட்டில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் அம்மணமாகத் தெருவில் விழும். அப்போது நான் சமையலறையிலிருந்து ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்து, "நிறுத்துங்கடா!" என்று கத்துவேன். படிக்கட்டில் அவர்கள் கழற்றிப் போட்ட ஷூக்களைப் பற்றியும் சேர்த்துக் கத்துவேன். ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பழகிய குரல். தெருவே கேட்கும். மாடியில் அவர்கள் சிரிப்பார்கள். அதுவும் கேட்கும்.

வாரா வாரம் இப்படி. கமலா அக்காவுக்கு ரயிலும் பழகிவிட்டது, பாட்டும் பழகிவிட்டது, என் கத்தலும் பழகிவிட்டது.

ஒரு கால் ஷூ

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. ஏரிப் பக்கமிருந்து ஈர மண் வாசனை வந்துகொண்டிருந்தது. என் கணவர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெள்ளை யூனிஃபார்ம், நெஞ்சுப் பையில் விசில். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலில் ஷூவைப் போட்டு முடித்துவிட்டார். கேட் மணி அடித்தது. மேலே கெவின் குரல். "கேட் போட்டாச்சு! கூட்ஸ்டா, கூட்ஸ்!"

அவர் இரண்டாவது ஷூவை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

ஓடிப்போய்த் திருப்பினேன். வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை.

மேலே டிரம்ஸ் தொடங்கிவிட்டது. வெளியே வண்டி. வீடே அதிர்ந்தது. நான் மாடிப்படியில் ஏறி அறைக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். சத்தம் வெளியே போகக் கூடாதென்று அவர்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டு, கதவுக்குப் பின்னால் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்தியிருப்பார்கள். என் கை பஞ்சில்தான் விழுந்தது. கத்தினேன். கீழே ஓடி அவர் தலைக்குத் தலையணை வைத்தேன். மறுபடி மேலே ஓடிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தால் "நிறுத்துங்கடா" என்ற ஒன்றைத் தவிர எதுவும் நினைவில் இல்லை. ரயில், டிரம்ஸ், என் குரல் எல்லாம் ஒரே சத்தமாகத்தான் மனதில் நிற்கிறது.

பாட்டு முடிந்தது. மெத்தையை இழுக்கும் சத்தம். தாழ்ப்பாள். பிரபு வியர்வையோடு சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தான்.

"முடிஞ்சிடுச்சும்மா. ஏம்மா இந்தக் கத்து கத்தற?"

அந்தச் சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஜாவித்தின் அப்பாவுடைய வேன் வெளியே நின்றிருந்தது. தோல் வாடை வீசும் அந்த வேனின் பின்பக்கத்தில், டிரம்ஸைச் சுற்றிவந்த போர்வையின் மேல் அவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. வலது கையும் காலும் போயின. பேச்சு ஒரு சொல், இரண்டு சொல் என்று சுருங்கிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கமலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ கத்துனது என் காதுல வுழுந்துச்சு டீச்சரம்மா. சத்தியமா வுழுந்துச்சு. தெனமும் பசங்களைத் திட்டற மாதிரிதான்னு நெனச்சுக்கினு சும்மா குந்திக்கினு இருந்துட்டேனே!"

"விடுங்கக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றேன்.

பிரபு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான். அவனிடமும் சொன்னேன். "கூட்ஸ் போறப்ப யாருக்குடா என்ன கேக்கும்? போனாப் போவுது." வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் அதையே சொன்னேன். கூட்ஸ் வண்டி, அதனால்தான் கேட்கவில்லை. நானும் அதை முழுசாக நம்பினேன்.

பாட்டு மாதிரிப் பாட்டு

அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த வாரமே பிரபு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டான். கதவில் ஓட்டைகள் மட்டும் மிச்சம். பொறுப்பு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தக் கதவையும் அவன் மூடவில்லை. படிப்பை முடித்து, நாவலூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தான். குழுவைக் கலைக்கவில்லை. ஆனால் அது வேறு குழுவாகிவிட்டது. எலக்ட்ரிக் கிட்டார் போய் மரக் கிட்டார் வந்தது. ஜாவித் டிரம்ஸை விட்டு ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதைக் கையால் தட்டினான். மழை, நிலா, அவள் கண் என்று பாட்டு. ரயில் வரும்போது வாசிப்பதை நிறுத்திவிட்டு, போன பிறகு தொடர்ந்தார்கள். பழைய சட்டம் தலைகீழானது.

எல்லாருக்கும் பிடித்தது. கல்யாண வரவேற்புகளில் கூப்பிட்டார்கள். கமலா அக்கா, "இப்பத்தான் பாட்டு மாதிரி கீது" என்று சான்றிதழ் கொடுத்தார். எனக்கும் நிம்மதிதான். கூடத்தில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே மாடியில் நடக்கும் ஒவ்வொன்றையும் என்னால் கேட்க முடிந்தது. மேலே இருப்பவர்களுக்கும் கீழே ஸ்பூன் விழுந்தால் கேட்டது. விழுந்தால் பிரபு படிக்கட்டில் நிற்பான். ஸ்பூன்தான் என்றால் திரும்பிப் போவான்.

பிடிக்காதவர் ஒருவர்தான். ஒருநாள் பாட்டு முடிந்து பையன்கள் கீழே வந்தபோது ஜாவித் கேட்டான். "எப்படி இருந்துச்சு அங்கிள்?"

அவர் சொல்லைத் தேடி எடுத்து, வாயின் நல்ல பக்கமாகக் கொண்டுவந்தார். "தூ...க்கம்."

"தூக்கம் வருதா? நல்லதுதானே!" என்றேன் நான்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இங்கே விசிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வாய்த் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண், பலூன் ஊதச் சொன்னார். என் கணவர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, அலமாரியைக் காட்டினார். பழைய கார்டு விசில். இடது கையால் பிடித்து ஊதுவார். உதட்டின் ஒரு ஓரமாகக் காற்று ஒழுகும், எச்சில் ஒழுகும். மாதக் கணக்கில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு ஒருநாள் காலை, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் நிஜமான விசில் ஊதியது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் இடது பக்கத்தால் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒடிந்த குச்சிகள்

மாற்றத்தை நான் முதலில் ஜாவித்தின் கையில்தான் பார்த்தேன். விரல்களில் பிளாஸ்திரி.

"மரப்பெட்டியில தட்டினா இப்படியாடா ஆகும்?"

"கதவு நசுக்கிடுச்சு ஆன்ட்டி."

இரண்டு கையிலுமா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் பிரபுவின் பையில் டிபன் டப்பாவைத் தேடியபோது ஒடிந்த டிரம்ஸ் குச்சிகள் அகப்பட்டன. கெவினை ஓரங்கட்டினேன். பொய் சொல்ல வராத பிள்ளை.

"ஜாவித் அப்பாவோட தோல் குடோன்ல பிராக்டிஸ் பண்றோம் ஆன்ட்டி, பல்லாவரத்துல. வெள்ளிக்கிழமை லீவு விட்டுடுவாங்க. தலைக்கு மேல ஏரோப்ளேன் போயிட்டே இருக்கும், யாருக்கும் கேக்காது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பழையபடி ஆயிட்டோம். பழசை விடவும் ஸ்பீடு" என்றான்.

நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? அன்று மாலை பிரபுவைக் கேட்டேன்.

"எதுக்குடா மறுபடியும் அந்தக் கத்தல்?"

"மெதுவா வாசிக்கிறப்ப எனக்கு வேற என்னென்னமோ கேக்குதும்மா."

"என்ன கேக்குது?"

அவன் பேச்சை மாற்றினான். "நாவலூர்ல ஒரு காலேஜ்ல வாசிக்கிறோம். புதுப் பாட்டு. நீயும் அப்பாவும் வரணும்."

"அந்தச் சத்தத்துல அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா? பிபி ஏறிடுச்சுன்னா? உனக்கு அறிவு இருக்கா?"

"அப்பாவைக் கேளும்மா."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "வ...ரேன்."

மைதானத்தில் என் குரல்

அப்படித்தான் நாங்கள் அந்த மைதானத்துக்கு வந்தோம்.

ஜாவித்தின் டிரம்ஸ் எதைப் போல இருந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் தாளம். கூட்ஸ் வண்டி. அதன் மேல் பிரபு கத்திக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்கடா! கதவத் தெறங்கடா! அப்பா விழுந்துட்டாருடா!"

கூட்டம் ஒவ்வொன்றையும் திருப்பிக் கத்தியது. ஒரு பெண் கைகளைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா விழுந்துட்டாருடா!" என்று பாடினாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். கோபமா, வெட்கமா, தெரியவில்லை. எங்கள் வீட்டுத் தரையில் நடந்ததை இவன் எடுத்துக்கொண்டு வந்து இங்கே கொட்டுகிறானே என்று இருந்தது. அந்த வார்த்தைகளை யாராக இருந்தாலும் ஊகித்துவிடலாம், வேறென்ன கத்தியிருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் பார்த்தேன்.

அப்போது டிரம்ஸ் சட்டென்று நின்றது. கிட்டாரும் நின்றது. வெறும் குரல் மட்டும்.

"ஷூ ஒண்ணுதான்டா போட்டிருக்காரு! ஒரு கால்லதான்டா போட்டிருக்காரு!"

மறுபடி எல்லாம் சேர்ந்து இடித்தது. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

அதை நான் கத்தியிருந்தேன். அந்த நிமிடம் வரை எனக்கே அது மறந்து போயிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல எனக்கே நினைவில்லையே. மூடிய கதவின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, பயத்தில், அர்த்தமே இல்லாமல் கத்திய வார்த்தை. அதை உலகத்தில் ஒருவன் அறிந்திருக்க வேண்டுமென்றால், அவன் அன்று அதைக் காதால் கேட்டிருக்க வேண்டும்.

பாட்டு முடிந்தது. ஆரவாரம். எப்படி அந்தச் சக்கர நாற்காலியை மேடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன் என்று தெரியாது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் புகை. மூன்று பேரும் சட்டை நனைந்து நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஜாவித்தும் கெவினும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் தெரிந்திருந்தது என்பது அப்போது புரிந்தது.

"கேட்டுதாடா உனக்கு?" என்றேன்.

பிரபு என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தான். "கேட்டுதும்மா."

"கூட்ஸ் போயிட்டிருந்துதே..."

"கூட்ஸ் போயிடுச்சும்மா. அதுக்கப்புறமும் வாசிச்சோம். வண்டி இருந்தப்ப நீ கத்துறன்னு மட்டும் தெரிஞ்சுது. தினமும் கத்துறதுதானேன்னு விட்டுட்டேன். வண்டி போனப்புறம் ஜாவித் நிறுத்தப் பார்த்தான். நான்தான் இன்னொரு ரவுண்டுன்னு கையைக் காட்டினேன். அப்பத்தான் ஷூன்னு கேட்டுது. படிக்கட்டுல கிடக்குற ஷூவுக்கு நீ திட்டுறன்னு நெனச்சு..." அவன் அப்பாவின் கால்களைப் பார்த்தான். "சிரிச்சேம்மா."

நனைந்த சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"டாக்டரைத் தனியாக் கேட்டேன். அஞ்சு நிமிஷத்துல பெருசா ஒண்ணும் மாறியிருக்காதுன்னாரு. நம்பத் தோணல. நீ எல்லார்கிட்டயும் கூட்ஸ் கூட்ஸ்னு சொல்றப்பல்லாம்... சொல்ல வாய் வரலம்மா. கத்தத்தான் வந்துச்சு."

அவனை அடித்திருப்பேனா, கட்டிக்கொண்டிருப்பேனா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டுக்கும் கை எழவில்லை. அத்தனை வருடம் நான் சாய்ந்து நின்ற கூட்ஸ் வண்டி எனக்குப் பின்னாலிருந்து நகர்ந்து போய்விட்டது. அவ்வளவுதான் தெரிந்தது.

கீழே சக்கர நாற்காலியிலிருந்து ஏதோ சத்தம். என் கணவர் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். பிரபு அவர் முன்னால் மண்டியிட்டான். அவர் இடது கையால் தன் காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு தரையைக் காட்டினார்.

"எனக்...கும். கேட்டுது."

எங்கள் கூடத்துத் தரையில் கிடந்தபோது அவருக்கு எல்லாமே கேட்டிருக்கிறது என்பது எங்களில் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. ரயில், டிரம்ஸ், நான் மேலும் கீழும் ஓடிய காலடி. ஜாவித் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அப்பா..." என்றான் பிரபு.

அவர் தலையை ஆட்டினார். இன்னும் முடியவில்லை என்கிற மாதிரி. மேடைப் பக்கம் கையை நீட்டி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கொண்டுவந்தார்.

"அன்...னிக்கு... இதை விட... வேகம்."

கெவினிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பிரபு அப்பாவின் போன கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

விசில்

அந்த வாரம் முழுக்க நான் பிரபுவிடம் சாப்பிடக் கூப்பிடுவதைத் தவிர எதுவும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நின்று, எழுத வந்த கணக்கை மறந்தேன். கடைசி பெஞ்சில் பிள்ளைகள் சிரித்தால் உடம்பு தூக்கிப்போட்டது.

சனிக்கிழமை அவர் பிரபுவைக் கூப்பிட்டு மாடியைக் காட்டினார். பிறகு கழுத்தைக் காட்டினார். விசிலைக் கயிற்றில் கோத்து அங்கே மாட்டியிருந்தார். விளக்கம் தேவைப்படவில்லை. மாடியில் வாசிக்கலாம். விசில் கேட்டால் நிறுத்த வேண்டும்.

"வேண்டாங்க" என்றேன். "எனக்குத் தாங்காது."

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மரப்பெட்டி போய் டிரம்ஸ் திரும்பி வந்தது. கதவு திறந்தே இருந்தது. தாழ்ப்பாளின் ஓட்டைகளை யாரும் அடைக்கவில்லை. நான் சமையலறையில், பழைய பழக்கத்தில், ஒட்டடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்த எனக்கு இனி வார்த்தை இல்லை. அதை அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

கேட் மணி அடித்தது. "கேட் போட்டாச்சு!" கெவினின் குரலில் பழைய கும்மாளம் இல்லை. கூட்ஸ் வந்தது. மேலே இடி விழுந்தது. அப்படி ஒரு வேகத்தை அந்த வீடு பார்த்ததில்லை. ஷெல்ஃபில் எண்ணெய்க் கிண்ணம் நகர்ந்துகொண்டே வந்தது.

பாதி வண்டி போயிருக்கும். விசில் ஊதியது.

நீளமாக, உடையாமல், ஒரே மூச்சில். கம்பு என் கையிலிருந்து விழுந்தது. கூடத்துக்கு நான் எட்டு வைப்பதற்குள் மேலே எல்லாம் அறுந்தாற்போல நின்றுவிட்டது. படிக்கட்டில் மூன்று பேரும் உருண்டு வராத குறை. பிரபு முன்னால். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

என் கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒன்றுமில்லை அவருக்கு. விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"கேட்டுதா?"

பிரபுவுக்கு மூச்சு வாங்கியது. வெளியே வண்டி இன்னும் போய்க்கொண்டிருந்தது, பெட்டி பெட்டியாக. "கேட்டுதுப்பா" என்றான். "கேட்டுது."

சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அன்று அவர் கிடந்த அதே இடம்.

அவர் மகனைப் பார்த்து, நல்ல கையால் மாடியைக் காட்டினார்.

"போ...ங்கடா. வண்டி... போயிடும்."